நான் போட்ட கோடு

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்கானூரணிக்கு மேற்கே எந்த ஊரில் எந்த வயலுக்கு எந்த மூலையில் கல் நட்டிருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டவனைப் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். எல்லைக் கல்லை நகர்த்தினால் ஜெயில் என்று எத்தனையோ பேரை வெயிலில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். அப்படித் திட்டும்போது என் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வீட்டிலும் அதே குரல்தான். அதனால் என் மனைவி கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் என்னை "சர்வேயரே" என்றுதான் கூப்பிடுவாள்.

இந்தத் தொழில் கதையை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் செய்த காரியத்தின் அசிங்கம் இது தெரிந்தால்தான் விளங்கும்.

ஒரு காலை நேரம். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏங்க, இடது பக்கம் கட்டி மாதிரி ஒன்னு தட்டுப்படுது."

"வலிக்குதா?"

"வலியெல்லாம் ஒன்னும் இல்ல."

"அப்புறம் என்ன? சூட்டுக் கட்டியா இருக்கும். விளக்கெண்ணெய் வையி."

பேப்பரிலிருந்து கண்ணை எடுத்தேனா என்றால், இல்லை. அவள் விளக்கெண்ணெய் வைத்தாள். ஐந்து மாதம் வைத்தாள். நடுவில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தாள், நான் "எண்ணெய் வைக்கிறயா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். கடைசியில் ஆனையூரில் எங்கள் தெருவுக்குப் பிரஷர் பார்க்க வந்த நர்ஸம்மாதான் அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அஞ்சு மாசம் என்ன பண்ணுனீங்க?"

"வலி இல்லைன்னு சொன்னா மேடம்."

"வலிக்காத கட்டியத்தான் சார் உடனே காட்டணும்."

நான் தலையை ஆட்டினேன். வலி இல்லை என்று சொன்னது அவள்தான் என்பதை டாக்டர் கவனித்திருப்பார் என்று அப்போது எனக்கு ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. 

இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டியது. இதெல்லாம் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். முடிக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது, பழனியில் வேண்டுதல் என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி என் அக்காவுக்கு போட்டோ அனுப்பச் சொன்னேன். "முருகனையும் பொய் சாட்சி சொல்ல வச்சுட்டீகளே சர்வேயரே" என்று சொல்லிவிட்டு அவள் அனுப்பினாள். அக்கா பதிலுக்குக் கும்பிடுகிற கை படம் போட்டிருந்தாள்.

பெண் பிள்ளை கல்யாணத்துக்கு இருந்தது, அதனால் மறைத்தேன் என்று சொல்ல முடிந்தால் நாலு பேர் மன்னிப்பார்கள். எங்களுக்கு ஒரே பையன். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறான். அவன்கூட, "ஏம்ப்பா மறைக்கிறீங்க?" என்றுதான் கேட்டான். மறைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. பங்காளிகள் நடுவில் உட்கார்ந்து "மார்பு" என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்புறம், ஊரில் ஆளாளுக்கு யோசனை சொல்லுகிறவன் நான். எனக்கு யாரும் பரிதாபப்பட்டு யோசனை சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

மருந்து முடிந்ததும் ரேடியேஷன் என்றார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் அதைக் கரண்டு வைக்கிறது என்பார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். அதற்குப் புற்றுநோய்க்கென்றே இருக்கிற வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கீழ்த்தளத்தில் ஒரு நீள ஹால், இரும்பு நாற்காலிகள், சில்லென்ற ஏசி. சிவகங்கை, ராமநாதபுரம், தேனி என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை. "உங்களுக்கு எத்தனாவது கரண்டு?" என்றுதான் கேட்பார்கள். மேலூர்க்காரர் ஒருவர் தினமும் எங்களுக்கு முன்னால் வந்திருப்பார். வாயில் புற்று. கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பொயல போட்டு வாங்குனது அண்ணே. ஒங்க ஊர்ல எவனாச்சும் போட்டா என் மூஞ்சியச் சொல்லுங்க" என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். இதையெல்லாமா ஒரு மனுஷன் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன்.

ஒரு நாள் என்னோடு வேலை பார்த்த தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவர் அந்த ஹாலுக்குள் வந்துவிட்டார். "என்ன சார் இந்தப் பக்கம்?" என்றார். "தெரிஞ்ச ஆள் ஒருத்தரப் பாக்க வந்தேன்" என்றேன். என் மனைவி எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டாள். அவர் போன பிறகுதான் திரும்பி வந்தாள்.

கரண்டு தொடங்குவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்து அவள் உடம்பில் கோடு போட்டிருந்தார்கள். கழுத்தெலும்புக்குக் கீழே ஒன்று, நெஞ்சின் நடுவில் ஒன்று, விலாப் பக்கம் ஒன்று. ஊதா மையில் போட்டு, அதன் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அங்கே மெஷினில் வேலை பார்க்கிற டெக்னீஷியன், ஒரு முஸ்லிம் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். என்னையும் நிற்க வைத்துத்தான் சொன்னாள்.

"சார், இந்தக் கோட்டப் பாத்துத்தான் மெஷின நிப்பாட்டுவோம். இது இடது பக்கம். கீழ ஹார்ட் இருக்கு, நுரையீரல் இருக்கு. கோடு நகந்தா கரண்டு அங்க போயிரும். சோப்பு போடக் கூடாது, தேய்க்கக் கூடாது. அந்த இடத்த விட்டுட்டுக் குளிக்கச் சொல்லுங்க. லேசா மங்குனாலும் எங்ககிட்ட வந்து சொல்லணும். நீங்களா எதுவும் பண்ணக் கூடாது."

எல்லையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "நான் சர்வேயர்மா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.

பதினோராவது கரண்டு முடிந்த மறுநாள், சனிக்கிழமை சாயங்காலம், என் பெரியப்பா இறந்துபோனார். ஊர் செக்கானூரணி தாண்டி உள்ளே போக வேண்டும். மறுநாள் எடுக்கிறார்கள். சனி, ஞாயிறு கரண்டு கிடையாது. நான் மட்டும் போயிருக்கலாம்.

"நான் வரலையே. ஒடம்பு அசதியா இருக்கு" என்றாள்.

"சொந்தப் பெரியப்பன் சாவுக்கு மருமக வரலேன்னா ஊரு என்னா ஏதுன்னு தோண்டும். வந்து தலையக் காட்டிட்டு வந்துரு."

"அங்க தண்ணி ஊத்தணும்பாக."

"அதெல்லாம் பாத்துக்கலாம் வா" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் போனோம். கழுத்தை மூடி முந்தானையைப் போர்த்திக்கொண்டிருந்தாள். ரவிக்கைக்குள் இடது பக்கம் துணிக்குள் பஞ்சு வைத்துத் தைத்த பாடி. ஒரு விரல் அகலத்துக்கு வளர்ந்திருந்த முடியை என் அக்கா தடவிப் பார்த்து, "முருகன் குடுத்துருவான்" என்றாள். மதியம் இரண்டு மணிக்குப் பிணம் எடுத்தார்கள். எங்கள் பக்கம் பிணம் வாசலைத் தாண்டியதும் வீட்டைக் கழுவிவிட்டுப் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் கட்டிய சேலையோடு ஒன்றாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். ஒருத்தி விட்டுப்போனாலும் துக்கம் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்று நம்பிக்கை. பக்கத்துத் தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆண்கள் நாங்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம்.

அக்கா கூப்பிட்டாள். "ஏத்தா, வா. ரெண்டு செம்பு தலைக்கு ஊத்திட்டுப் போயிரு."

என் மனைவி அங்கிருந்து என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் இருபது முப்பது அடிதான் இருக்கும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காய்ச்சல் என்றாவது சொல்லியிருக்கலாம்; பொய் சொல்ல எனக்கா சொல்லித்தர வேண்டும்? ஆனால் என்னைச் சுற்றிச் சித்தப்பா மக்கள் நின்றார்கள். ஏன், என்ன என்று ஒரு கேள்வி வந்தால் அடுத்த கேள்வி வரும். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவள் தொட்டிக்குப் போய்விட்டாள்.

சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது அவள் ஈரச் சேலையோடு வேப்பமரத்தடியில் வெயில் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மாற்றுச் சேலை கொண்டுபோயிருந்தோம். மாற்றிக்கொள்ள எல்லாப் பெண்களும் ஒரே அறையில் இருந்ததால் அவள் மாற்றவில்லை. பாடிக்குள் இருந்த பஞ்சு தண்ணீர் குடித்து ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. அதை மறைக்க என் துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டாள். அந்தக் கோலத்திலேயே பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். நடுவில் ஒரு தடவை மட்டும் பேசினாள்.

"ஒங்க அக்கா என் கழுத்துக்குக் கீழ இருந்த கோட்டப் பாத்துட்டு, இது என்னத்தா ஊதாவா இருக்குன்னு கேட்டாக. சேலச் சாயம்னு சொன்னேன். சோப்பப் போட்டு அவுகளே தேச்சு விட்டாக. நல்லா அழுத்தித் தேச்சாக."

"மத்தது இருக்குல்ல?"

"பிளாஸ்திரி எல்லாம் பிஞ்சு வந்துருச்சு. வீட்டுல போயிப் பாக்கணும்."

வீட்டில் போய்ப் பார்த்துவிட்டு, விலாப் பக்கம் மட்டும் லேசாகத் தெரிகிறது, மற்ற இரண்டும் இல்லை என்றாள். கதவுக்கு அந்தப் பக்கமிருந்துதான் சொன்னாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கதவைச் சாத்திக்கொண்டுதான் சேலை மாற்றுவாள். அவளாகச் சாத்த ஆரம்பித்ததா, நான் அந்த நேரம் பார்த்து வெளியே போக ஆரம்பித்ததா, எது முதலில் என்று எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை கரண்டுக்குப் போக வேண்டும். "போயிச் சொல்லிருவோம். திட்டுனா திட்டிட்டுப் போறாக" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னால், ஏன் தேய்த்தீர்கள் என்பார்கள். நோயை வீட்டில் சொல்லவில்லையா என்பார்கள். என் பையன் வயதுகூட ஆகாத ஒரு பெண் முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் சர்வேயர் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

"கோடுதானே? நான் போட்டுத் தாரேன்" என்றேன்.

அவள் கழுத்துக்குக் கீழே கை வைத்துக் காட்டினாள். "அதுக்குக் கீழ நெஞ்சு இருக்குன்னு அந்தப் புள்ள சொன்னுச்சு."

"எனக்குத் தெரியும். ஒரு நூல் பிசகாது."

சமையலறை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னேன். ஸ்டீல் ஸ்கேலும் மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் முந்தானையை இறக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நட்ட கல்லெல்லாம் தெரியும். என் பெண்டாட்டி உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேலாக இருந்த கோடு தெரியாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பக்கத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

 அவள் சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் காட்டினாள். "இங்கிட்டு இருந்து இங்கிட்டு வரைக்கும்... இல்ல, கொஞ்சம் மேல... எனக்கும் சரியாத் தெரியலீங்க." அவள் குரல் நடுங்கியது. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்துக்கொள்ள நான் முயற்சி செய்தேன்.

போட்டேன். இரண்டு கோடு. தழும்பைப் பார்க்கக் கூடாது என்று ஸ்கேலின் விளிம்பை மட்டும் பார்த்துக்கொண்டு போட்டேன். வயலுக்கு வரைகிற புலப்படத்தில் போடுவதுபோல முனையில் குறுக்கே சின்னதாக ஒரு வெட்டும் வைத்தேன். நல்ல நேரான கோடு. போட்டு முடித்துத் தள்ளி நின்றபோது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கை நடுங்காமல் போட்டோமே என்று எனக்கு ஒரு திருப்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். அன்று கால் மணி நேரம் ஆனது. இருபது நிமிஷம் ஆனது. எனக்கு வியர்த்தது. நுரையீரலும் இருதயமும் என் கண் முன்னால் வந்து நின்றன. எழுந்துபோய்க் கதவைத் தட்டலாம், மெஷினைப் போடாதீர்கள் என்று சொல்லலாம். எழுந்திருக்கவில்லை. மேலூர்க்காரர், "என்னண்ணே, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார். "ஒன்னுமில்ல" என்றேன்.

அந்த டெக்னீஷியன் பெண் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். உள்ளே அங்கே கரண்டு பார்க்கிற டாக்டரம்மாவும் இருந்தார். என் மனைவி பச்சை கவுனைப் பிடித்துக்கொண்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், மெஷின் போடல. போடுறதுக்கு முன்னாடி பாத்துட்டோம். மை வேற கலரா இருக்கு, விலாவுல இருக்குற கோட்டோட இது ஒத்து வரல. ரெண்டு விரல் தள்ளி இருக்கு. யாரு போட்டது?"

மெஷின் போடவில்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த அடுத்த நொடியே வாய் தானாகப் பேசியது.

"வீட்டுல ஒரு சாவு மேடம். அவதான் தெரியாமத் தலைக்கு ஊத்திட்டா. திட்டுவீங்கன்னு பயந்து அவளே எதையோ வச்சுப் போட்டிருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்கம்மா. நாந்தேன் போட்டேன்" என்றாள்.

டாக்டரம்மா அவளைத் திட்டினார். நியாயமான திட்டுதான். "உங்க உயிர் விஷயம்மா இது. படிக்காத பிள்ளை மாதிரி பண்ணலாமா? இத்தன பேரு உங்களுக்காக உழைக்கிறோம்ல?" அவள் "தப்புதேன்மா, தப்புதேன்மா" என்று தலையை ஆட்டினாள். நான் பக்கத்தில் நின்று, திட்டட்டும் என்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த டெக்னீஷியன் பெண் மட்டும் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் கணக்கு, மறுபடியும் கோடு. நாலு நாள் கரண்டு நின்றது. நடுவில் நிற்பது நல்லதில்லை, ஆனாலும் சமாளித்துவிடலாம், இனிமேல் ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார் டாக்டரம்மா. அந்த நாலு நாளும் அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த நாலு நாள்ல அது திரும்ப வளந்துருமாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். வளராது என்றேன். எனக்கு என்ன தெரியும்?

பதினாறாம் நாள் கருமாதி ஒரு திங்கட்கிழமை வந்தது. காலையில் கரண்டு முடித்துக்கொண்டு நேராக ஆரப்பாளையம் போய் பஸ் ஏறினோம். இந்த முறை நான் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் மனசுக்குள் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். "அவளுக்கு மார்புல புத்து. கரண்டு வச்சுக்கிட்டு இருக்கோம். தண்ணி படக் கூடாது." மூன்றே வாக்கியம். செக்கானூரணி தாண்டும்போது நன்றாகவே வந்தது.

கருமாதி வீட்டில் பங்காளிப் பெண்களுக்கு எண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றுவார்கள். அக்கா கிண்ணத்தில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துக்கொண்டு, "வாத்தா, ஒனக்குத்தான் மொத எண்ணெய்" என்று வந்தாள். பந்தலில் முப்பது பேர் இருந்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். சித்தப்பா மகன் ஒருவன், "என்ன பங்காளி?" என்று திரும்பினான். என் வாயில் முதல் வார்த்தை வந்தது. இரண்டாவது வார்த்தை மார்பு. அது வரவில்லை.

அவள் சொன்னாள். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"எனக்கு வேணாம் மதினி. எனக்கு மார்புல புத்து. ஒன்ன எடுத்துட்டாக. கரண்டு வச்சுக்கிட்டு இருக்கேன், அந்த எடத்துல தண்ணி, எண்ணெ படக் கூடாது."

 அக்கா கையில் கிண்ணம் சாய்ந்து எண்ணெய் அவள் காலில் வடிந்தது. "அடியே, அன்னைக்கு நாந்தானடி தேச்சு விட்டேன். சேலச் சாயம்னியே. எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று அழ ஆரம்பித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவுகளச் சொல்லாதீக மதினி" என்றாள் என் மனைவி. "நாந்தேன் யாருட்டயும் சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டேன்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு, "வெவரங்கெட்டவளே, வெவரங்கெட்டவளே" என்று அழுதாள். பெண்கள் எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய், எப்படித் தெரிந்தது, தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் தோண்டவில்லை. நான் இத்தனை மாதமாக எதைப் பார்த்துப் பயந்தேனோ அது அங்கே இல்லவே இல்லை. சித்தப்பா மகன் என் தோளில் கை வைத்து, "நீதான் பாவம் பங்காளி, தனியாவே சொமந்திருக்க" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "எதுக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எப்படி?"

"நீதான் சத்தியம் வாங்குனேன்னு."

"நீங்க எந்திரிச்சு நின்னீகளே, அதப் பாத்தேன். பாவமா இருந்துச்சு" என்றாள். அப்படியே ஜன்னலோரம் தூங்கிப்போனாள்.

மறுநாள் அவள் உள்ளே கவுன் மாற்றப் போனதும், நான் அந்த டெக்னீஷியன் பெண் நின்ற இடத்துக்குப் போனேன். பேப்பரைக்கூட நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

"அம்மா, அன்னைக்கு அந்தக் கோடு அவ போட்டது இல்ல. நாந்தான் போட்டேன்."

ஏதோ எழுதிக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும் சார்."

"அவ சொல்லிட்டாளா?"

"இல்ல. உங்க வீட்டம்மா இன்னைக்கு வரைக்கும் நான்தான் போட்டேன்னுதான் சொல்றாங்க. ஆனா அம்புட்டு நேராத் தன் நெஞ்சுல தானே யாரும் கோடு போட முடியாது சார். அன்னைக்கு வீட்டுக்குப் போயி நான் கண்ணாடி பாத்துப் போட்டுப் பாத்தேன். எனக்கே கோணலாத்தான் வந்துச்சு." பேனாவை மூடினாள். "நீங்க சர்வேயர்னு சொன்னீங்கல்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சரி சார், அது முடிஞ்சுது. இப்ப புதுசாப் போட்டிருக்கோமே, அது எங்கெங்க இருக்குன்னு பாத்து வச்சிருக்கீங்களா? மங்குனா நீங்கதான் மொதல்ல பாக்கணும். அவங்களுக்குக் கண்ணாடியில சரியாத் தெரியாது."

 இன்னும் பார்க்கவில்லை. கோடு போட்டேன், பொய் சொன்னேன், உண்மையும் சொல்லியாயிற்று. பார்க்கிற வேலையை மட்டும் செய்யவில்லை. அவள், "நகருங்க சார், உங்க வீட்டம்மா வந்துட்டாங்க" என்று உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் வீட்டில் அவள் சோறு போட்டு வைத்துவிட்டுச் சேலை மாற்ற உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போனபோது நான் கதவில் கை வைத்தேன்.

"என்ன?"

"கோட்டப் பாக்கணும்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "பேனாவ வச்சுட்டுத்தான வாரீக?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் முந்தானையை இறக்கினாள். மார்பு இருந்த இடம் தட்டையாக இருந்தது. குறுக்கே அக்குள் வரைக்கும் ஒரு தழும்பு, அதில் தையல் போட்ட இடங்கள் புள்ளி புள்ளியாக. கரண்டு பட்ட தோல் வெயிலில் நின்ற மாதிரி கறுத்திருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே ஊதாக் கோடு ஒன்று. நடுவில் ஒன்று. விலாவில் ஒன்று. நடுக்கோட்டுக்கு இரண்டு விரல் தள்ளி, நான் போட்டது, அங்கே துடைத்துவிட்ட பிறகும் அழிந்தும் அழியாமலும் நீலமாக இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி, மூன்று கோடும் ஆறாகத் தெரிந்தன.

"அளந்தாச்சா சர்வேயரே?" என்றாள். "சோறு ஆறுது."